முடிவு தெரிந்த கதையில் பரபரப்பு எங்கே இருக்கிறது? பாரிஸ் ஓபராவை வைத்து ஒரு நாவல் எழுதிய அனுபவம்

1862 நவம்பர் 15, சனிக்கிழமை. பாரிஸில் லு பெல்த்தியே தெருவில், ஓபரா என்னும் இசை நாடகங்களும் பாலே நடனமும் நடக்கும் அரங்கில் ஒத்திகை. எம்மா லிவ்ரிக்கு அப்போது இருபது வயது. பிரான்சின் அடுத்த பெரிய பாலே கலைஞர் இவர்தான் என்று நம்பப்பட்டவர். இரண்டாம் அங்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்தவர், கசங்காமல் இருக்கட்டும் என்று பாவாடையை உதறி விரித்தார். பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த கேஸ் விளக்கின் சுடர் துணியைப் பிடித்துக்கொண்டது. எரியும் உடையோடு மேடை முழுக்க ஓடினார். ஒரு தீயணைப்பு வீரர் ஈரக் கம்பளியைப் போர்த்தி அணைத்தார். அதன்பிறகு எட்டு மாதம் வலியோடு உயிர் வாழ்ந்து, 1863 ஜூலை 26 அன்று எம்மா இறந்தார்.

இந்தச் சம்பவத்தை நடுவில் வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத நாவலாக வர வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் முடிவு ஊருக்கே தெரிந்தது. போனை எடுத்து எம்மாவின் பெயரைத் தட்டினால் அரை நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். அப்படி இருக்கும்போது வாசகரை அடுத்த பக்கத்துக்கு எப்படி இழுப்பது? நான் கற்றுக்கொண்டது முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். சரித்திர நாவல் எழுத உட்கார்ந்திருக்கும் நண்பர்களுக்கு அதில் ஏதாவது உதவும் என்று நம்புகிறேன்.

கதையைச் சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "தீ வைத்தது யார்?" எனக்கு மிகவும் வேண்டிய ஒரு தம்பி, நிறைய துப்பறியும் கதை படிப்பவர், நேரடியாகவே சொன்னார்: "கொலைன்னு வச்சிடுங்கக்கா. பொறாமை பிடிச்ச இன்னொரு டான்ஸர், விளக்கைத் தள்ளி வச்ச ஒரு ஆள், போதும். பிச்சிக்கிட்டுப் போகும்." போகும்தான், எனக்கும் தெரியும். ஆனால் அந்த வழியில் போக மனம் வரவில்லை. நிஜமாக வாழ்ந்து, நிஜமாக எரிந்துபோன ஒரு பெண்ணின் சாவுக்கு, இல்லாத ஒரு கொலைகாரனை ஒட்டவைப்பது சரியாகப் படவில்லை. அதைவிட முக்கியமான காரணம், உண்மையில் நடந்தது எந்தக் கொலைச் சதியையும்விடப் பதற்றம் தருவதாக இருந்தது.

அரங்குகளில் துணி தீப்பிடிப்பது அந்தக் காலத்தில் புதிய விஷயமே இல்லை. பாரிஸ் ஓபராவில் கேஸ் விளக்கு வந்தது 1822-இல். லண்டன் டுரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற இளம் நடனக் கலைஞர் 1844-இல் இதேபோல உடையில் தீப்பிடித்து இறந்தார். கார்த்தெரோன் என்பவர், துணியைத் தீப்பிடிக்காமல் செய்யும் ஒரு முறையைக் கொண்டுவந்தார். படிகாரம், வெண்காரம் மாதிரியானவற்றைக் கரைத்த நீரில் துணியை முக்கி எடுப்பது அது. அப்படிப்பட்ட துணியைத்தான் மேடையில் பயன்படுத்த வேண்டும் என்று 1859 நவம்பரில் அரசாணையே வந்தது. ஆக மருந்து இருந்தது, ஆணையும் இருந்தது. 1860-இல் எம்மா ஓபரா நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பாலேயின் முதல் ஆட்டங்களில் எல்லாம் தன் வழக்கமான பாவாடையோடுதான் ஆடுவேன், என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று அதில் சொல்லியிருந்தார்.

இந்தக் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது நாவலின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது என்று உணர்ந்தேன். ஆனால் ஏன் மறுத்தார் என்பது என் உடம்பில் ஏறவில்லை. அழகுக்காக உயிரைப் பணயம் வைத்த சின்னப் பெண் என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடலாம். அப்படிக் கடந்திருந்தால் வாசகரும் அவரை அசட்டுப் பெண் என்று நினைத்துக் கடந்து போயிருப்பார்.

அதனால் துணியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நான் வசிக்கும் பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் அடிவாரத்தில் துணிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் காலத்துப் பாலே பாவாடைகளுக்குப் பயன்பட்ட தார்லத்தான் துணி அங்கே இன்றும் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பருத்தி நூலில் இடைவெளி விட்டு நெய்து, கஞ்சி ஏற்றியது. கொசுவலையை இன்னும் கொஞ்சம் நெருக்கி நெய்தது போல இருக்கும். படிகாரத்தை லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடையில் வாங்கினேன். திருஷ்டிக்கு வாசலில் கட்டுவதற்காக அங்கே வைத்திருக்கிறார்கள். வெந்நீரில் படிகாரத்தையும் வெண்காரத்தையும் கரைத்து ஒரு துண்டுத் துணியை ஊறவைத்துக் காயப்போட்டேன். இன்னொரு துண்டை அப்படியே வைத்துக்கொண்டேன்.

காய்ந்த பிறகு, எங்கள் கட்டடத்தின் பின்பக்க முற்றத்தில், பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, நீண்ட இடுக்கியில் துணியைப் பிடித்துக் கொளுத்தினேன். (நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் வீட்டுக்குள் வேண்டாம், தனியாகவும் வேண்டாம்.) சாதாரணத் துணி, சுடர் கிட்டே போனதுமே பிடித்தது. பிடித்த இடத்தில் நிற்கவும் இல்லை, கீழ் ஓரத்திலிருந்து மேலே ஏறி ஓடியது. நூலிழைகளுக்கு இடையே இருக்கும் காற்றே அதற்குத் தீனி. என் கை பின்னால் போவதற்குள் இடுக்கியின் முனையில் சாம்பல்தான் இருந்தது. மருந்து ஏறிய துணி கருகியது, புகைந்தது, சுடரை விலக்கியதும் நின்றுவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது இதற்குப் பிறகு கிடைத்தது. மருந்துத் துணியில் மீதி இருந்ததை எடுத்து வீசிப் பார்த்தேன். மிதக்கவில்லை, சட்டென்று விழுந்தது. கசக்கினால் கசங்கிய கோடு அப்படியே நின்றது. விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. விளக்கடியில் பிடித்தால், சாதாரணத் துணியில் இருந்த மெல்லிய ஒளி இதில் இல்லை, மங்கிக் கிடந்தது. எம்மா ஒல்லியானவர். அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததே எடையில்லாமல் எழும்பி, சத்தமில்லாமல் தரையில் இறங்குவதுதான். தாவி உச்சியில் இருக்கும் அந்த நொடியில் பாவாடை மெல்ல மேலெழுந்து, உடம்பு இறங்கிய பிறகுதான் தானும் இறங்க வேண்டும். இந்தத் துணி உடம்புக்கு முன்னால் விழுந்துவிடும். பதினாறு வயதில் மேடை ஏறியதிலிருந்து அவர் சேர்த்த அத்தனை உழைப்பையும் இந்தத் துணி கெடுத்துவிடும். மறுத்தது வீண் பிடிவாதம் இல்லை, தன் கலையைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தீக்காயத்தோடு படுக்கையில் கிடந்தபோதுகூட, மருந்துத் துணி ஆபத்துக் குறைவுதான், ஆனால் திரும்ப மேடைக்கு வந்தால் அதை உடுத்தமாட்டேன், அத்தனை அசிங்கம் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. துணியைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எனக்கு வியப்பாக இல்லை.

ஆக, பரபரப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது: யாரோ மறைத்து வைத்த ரகசியத்தில் அது இல்லை. இந்த அரங்கில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். நிர்வாகத்துக்குத் தெரியும், உடைப் பிரிவுக்குத் தெரியும், கம்பளியை நனைத்து வைத்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் தீயணைப்பு வீரருக்குத் தெரியும், எம்மாவுக்கே தெரியும். தெரிந்துகொண்டே ஒவ்வொரு மாலையும் திரை ஏறுகிறது. அதனால் தீ விபத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். அதன்பிறகு வரும் எந்தச் சாதாரணக் காட்சியும் சாதாரணமாக இருக்காது. ஒரு பெண் பாவாடையை இஸ்திரி போட்டாலே வாசகருக்குக் கை பதறும். நாவலில் ஓர் இடம் இப்படி வருகிறது:

"ஆணியில் இரண்டு பாவாடைகள் தொங்கின. ஒன்று காற்றில் அசைந்தது. மற்றது அசையவில்லை. 'எதை எடுக்க?' என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். மாதமோசெல் எம்மா என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். அசைந்ததை எடுத்துக் கொடுத்தேன்."

இந்தக் காட்சிக்கு விளக்கம் எதுவும் எழுதத் தேவைப்படவில்லை.

பேசுவது ஒரு தையல் பெண் ('மாதமோசெல்' என்றால் பிரெஞ்சில் 'செல்வி'). கற்பனைப் பாத்திரம். கதையை யார் வாயால் சொல்வது என்பதில் நீண்ட நாள் தடுமாற்றம் இருந்தது. எம்மாவின் மனதுக்குள் நுழைந்து எழுத எனக்குத் துணிவும் இல்லை, உரிமையும் இல்லை. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கனவானுக்கு நடனம் தெரியும், நடத்துகிற விதம் தெரியாது. தையல் பெண்ணோ எல்லா அறைக்கும் போவாள். யார் இடுப்பு பெருத்திருக்கிறது, யார் இளைத்திருக்கிறார்கள், யாருக்குப் புதிதாக நகை வந்திருக்கிறது என்பது அளவெடுக்கும் கைக்குத்தான் முதலில் தெரியும். அவளை யாரும் கவனிக்கமாட்டார்கள், அவள் முன்னால் எல்லாவற்றையும் பேசுவார்கள். சரித்திர நாவலுக்கு ஆள் தேடுகிறவர்கள் ராஜாவையும் தளபதியையும் விட்டுவிட்டு, அரண்மனையில் எல்லாக் கதவும் திறக்கும் வேலைக்காரர் யார் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம் கடிகாரம். பரபரப்புக் கதைக்கு ஒரு கெடு வேண்டும். எனக்குச் சரித்திரமே அதைக் கொடுத்தது: தீப்பிடித்த நாளிலிருந்து எம்மா இறந்த நாள் வரை எட்டு மாதம். அன்று மேடையின் பக்கவாட்டு மறைவான சைடு விங்கில் நின்ற, பன்னிரண்டு வயது நடன மாணவி ஒருத்தி அந்தக் கூச்சலில் காணாமல் போகிறாள் என்று என் கற்பனையைச் சேர்த்தேன். தையல் பெண் அவளைத் தேடுகிறாள். எம்மா தேறி வருகிறார் என்ற செய்தி வரும்போதெல்லாம் தேடலுக்கு நம்பிக்கை கூடுகிறது. வாசகருக்கு மட்டும் ஜூலை 26 தெரியும். நடந்த நிகழ்ச்சியை மாற்றாமல், அதன் பக்கத்தில் ஒரு கற்பனைக் கதையை ஓடவிட்டு, இரண்டுக்கும் ஒரே கெடுவை வைத்தது எனக்குப் பலன் தந்தது.

அந்த மாணவியைப் பற்றி எழுதியதுதான் மனதளவில் கஷ்டமான பகுதி. ஓபராவின் நடனப் பள்ளியில் இருந்த சிறுமிகளைக் 'குட்டி எலிகள்' என்று அழைத்தார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கொண்டுவரும் சில்லறைச் சம்பளத்தை நம்பிச் சில வீடுகள் இருந்தன. அரங்குக்குச் சந்தா கட்டிய செல்வந்த ஆண்களுக்கு நடனக் கலைஞர்களின் கூடத்துக்குள் நேராக வர உரிமை உண்டு. இடைவேளையில் வருவார்கள், பேசுவார்கள், அம்மாக்களோடு பேரமும் நடக்கும். அவர்களின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு 1861 மார்ச்சில் நடந்தது ஒன்று போதும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் தன் ஓபராவில் பாலேயை இரண்டாம் அங்கத்தில் வைக்காமல் முதல் அங்கத்திலேயே வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தாமதமாக வந்து பாலே மட்டும் பார்க்கும் ஜாக்கி கிளப் என்ற செல்வந்தர் சங்கத்து ஆட்கள் விசில் ஊதியே ஆட்டத்தைக் கலைத்தார்கள். மூன்று ஆட்டத்தோடு அது நிறுத்தப்பட்டது. புகழ்பெற்ற இசையமைப்பாளரையே இப்படித் துரத்த முடிந்தவர்கள் முன்னால் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? இதை எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்தச் சிறுமிக்கு நேர்வதைக் காட்சியாகக் காட்டமாட்டேன். கதவு வரை மட்டும் போவேன். இப்படிப்பட்ட கொடுமையைப் பரபரப்புக்காக விவரித்து எழுதும் நாவல்கள் எனக்கு அருவருப்பைத் தருகின்றன.

தகவல் தேடுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முக்கால்வாசி கிடைக்கும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் 1860-களின் செய்தித்தாள்களை இலவசமாகப் படிக்கலாம். ஓபராவின் நிர்வாகக் கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஜே13 என்ற வரிசையில் இருக்கின்றன. கார்னியே மாளிகை என்ற ஓபரா கட்டடத்தில் ஓபராவுக்கென்றே நூலகமும் அருங்காட்சியகமும் உண்டு. எம்மாவின் எரிந்த உடையில் மிஞ்சிய துண்டுகள் அதன் சேகரிப்பில்தான் இருக்கின்றன. செய்தித்தாள் படிக்கும்போது நீங்கள் தேடிப்போன செய்தியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். அதே பக்கத்தின் விளம்பரங்கள், விலைகள், காணாமல் போன நாய் பற்றிய அறிவிப்பு எல்லாவற்றையும் படியுங்கள். பாத்திரங்கள் வாயில் போடுவதற்கான பேச்சு அங்கேதான் கிடைக்கும்.

கிழமையையும் கட்டாயம் பாருங்கள். ஓபராவில் திங்கள், புதன், வெள்ளிதான் வழக்கமான ஆட்ட நாட்கள். விபத்து நடந்தது சனிக்கிழமை. ஆகவே அரங்கு காலி, கூட்டம் கிடையாது, இருப்பவர்கள் எல்லாம் வேலை செய்பவர்கள். இந்த ஒரு விவரம் முழு அத்தியாயத்தின் சத்தத்தையும் மாற்றிவிட்டது. ஆயிரம் பேர் அலறுவதற்குப் பதில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் சில குரல்கள்.

பாலே என்றதும் நம் மனதில் வரும் படம் பெரும்பாலும் பிற்காலத்தது. குட்டையாக விறைத்து நிற்கும் பாவாடை, கால் நுனியில் நின்று விடாமல் சுழலும் சுற்றுகள், இதெல்லாம் எம்மாவின் காலத்துக்குப் பிறகு வந்தவை. அப்படி விடாமல் சுழலும் முப்பத்திரண்டு சுற்றுகள் புகழ்பெற்றதே 1890-களில், பியரினா லெஞ்ஞானி என்ற இத்தாலியக் கலைஞர் ரஷ்யாவில் ஆடியபோதுதான். 1862-இல் பாவாடை கெண்டைக்கால் வரை தொங்கும். காலணி மெல்லிய சாட்டின்; இன்றைய காலணியில் இருப்பது போன்ற கெட்டியான முனை கிடையாது, ஊசி நூலால் முனையை நெருக்கித் தைத்துப் பலம் ஏற்றிக்கொள்வார்கள். எனவே கால் நுனியில் நிற்பது ஒரு கணம்தான். வகுப்பில் பியானோ கிடையாது, வயலின். தரை வழுக்காமல் இருக்கப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். ஓவியர் தெகா பின்னர் வரைந்த நடன வகுப்பு ஓவியங்களில் அந்தப் பூவாளியைப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பூவாளி மிகவும் உதவியது. காணாமல் போகும் சிறுமிக்கு அதைத் தூக்கும் வேலையைக் கொடுத்தேன். அவள் இல்லாத மறுநாள், வகுப்பில் தரை காய்ந்து கிடக்கிறது. யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை.

ஆட்டத்தை எழுதுவது எப்படி என்பதில் எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டுச் சிறுமி. யாழ்ப்பாணக் குடும்பம், பிள்ளை இங்கேயே பிறந்தவள். நகராட்சி நடனப் பள்ளியில் பாலே படிக்கிறாள். அவளுடைய காலணிக்கு நாடா தைக்கும்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, "அன்ரி, முன்னால இருந்து பாத்தா சத்தமே கேக்காது. சைட்டில நிண்டு பாருங்கோ, தடதட எண்டு கேக்கும்" என்றாள். அடுத்த நிகழ்ச்சியில் மேடைப் பக்கம் நிற்க அனுமதி வாங்கினேன். அவள் சொன்னதுதான் உண்மை. முன்னால் இருந்து பார்க்கும்போது காற்றில் போவது போலத் தெரிந்தவர்கள் பக்கத்தில் கடந்தபோது பலகை அதிர்ந்தது. மூக்கால் மூச்சிரைக்கும் சத்தம். திரை ஓரத்தைத் தாண்டும் வரை முகத்தில் சிரிப்பு. தாண்டியதும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்று, நெற்றி வியர்வை தரையில் சொட்ட, எண்ணிக்கொண்டே அடுத்த முறைக்குத் தயாராகிறார்கள். நடனத்தைச் சொற்களால் ஆடிக் காட்ட முயன்றால் நாலு வரியில் வாசகர் களைத்துவிடுவார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு என் நாவலில் நடனத்தை எங்கேயும் முன்னாலிருந்து காட்டவில்லை. எல்லாமே சைடு விங்கிலிருந்து, தையல் பெண்ணின் காதால்.

இன்னொரு சிக்கலை நான் எதிர்பார்க்கவே இல்லை. உண்மையே நம்பமுடியாத அளவுக்குக் கதைபோல இருந்தது. எம்மாவுக்காகவே 1860-இல் ஒரு பாலே உருவானது. அந்தக் காலத்தின் மகத்தான நடனக் கலைஞர் மரி தாலியோனி, எம்மாவின் ஆட்டத்தைப் பார்த்து வியந்து, பாரிஸில் தங்கிப் பயிற்சி கொடுத்து, தானே அமைத்த பாலே அது. இசை ஓஃபன்பாக். கதாநாயகி வண்ணத்துப்பூச்சியாக மாறுகிறாள், தீப்பந்தத்தில் அவள் சிறகு கருகுகிறது. அது போதாதென்று, விபத்து நடந்த ஒத்திகையில் எம்மா ஏற்றிருந்த பாத்திரம் இசையமைப்பாளர் ஓபேரின் ஓபராவில் வரும் ஊமைப் பெண் ஃபெனெல்லா. கடைசியில் வெசூவியஸ் எரிமலை வெடிக்க, உயிரை விடுபவள். அதற்கும் மேலே, சவ ஊர்வலத்தில் இரண்டு வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் பெட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்ததாக எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே எழுதியிருக்கிறார்.

இதை எல்லாம் நாவலில் வைத்தால், எழுத்தாளர் வலிந்து செய்த ஜோடனை என்றுதான் வாசகர் நினைப்பார். நிஜம் என்பதற்காக நாவலில் எதற்கும் தனிச் சலுகை கிடையாது. எதை வைப்பது, எதை விடுவது என்று நிறைய யோசித்தேன். வண்ணத்துப்பூச்சிகளை விட்டுவிட்டேன். கருகும் சிறகை ஒரே ஒரு வரியில், அதுவும் உடைப் பிரிவின் கணக்காக வைத்தேன்: சிறகு உதிர்வதற்குத் தைத்துக் கொடுத்த கொக்கிகள் எத்தனை என்று தையல் பெண் எண்ணுகிறாள், அவ்வளவுதான். ஊமைப் பாத்திரத்தை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அது அலங்காரம் இல்லை, வேலை செய்கிறது. பாடகர்கள் நிறைந்த மேடையில் வாய் திறக்காத ஒரே பாத்திரம் எம்மாவுடையது. அதனால் அவர் முதலில் ஓடியபோது ஒரு கணம், இதுவும் ஒத்திகையின் பகுதிதான் என்று தையல் பெண் நினைத்து நிற்கிறாள். அந்த ஒரு கணத் தாமதம்தான் நாவல் முழுக்க அவளைத் துரத்துகிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கதைக்கு ஊர் கிடையாது என்பது என் எண்ணம். ஆனாலும் ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது. 1838-இல் கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிப் பெண்களும் இசைக்காரர்களும் சேர்ந்த ஒரு குழு பாரிஸ் வந்தது. வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பார்த்து மயங்கி எழுதியவர் இதே கோத்தியேதான். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். நான் புதுச்சேரிக்காரி, திருவந்திபுரம் மலையேறாத வருஷம் எங்கள் வீட்டில் கிடையாது. இந்தச் செய்தியைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. கதையை அம்மணி பக்கம் திருப்பிவிட ஆசை இருந்தது. ஆனால் எம்மாவின் கதை அதைத் தாங்காது. அதனால் உடைப் பிரிவில் இருக்கும் ஒரு வயதான பெண், இருபத்து நாலு வருஷத்துக்கு முன் வரியேத்தேயில் பார்த்த அந்த வெறுங்காலும் சலங்கையும் பற்றி, ஊசியில் நூல் கோத்தபடியே சொல்வதாக இரண்டு பக்கம் மட்டும் எழுதினேன். அம்மணிக்கு என்று தனி நாவல் வேண்டும். திருவந்திபுரத்தை அறிந்த, 1838-இன் கடற்பயணத்தைத் தேடிப் படிக்கத் தயாராக இருக்கும் யாராவது எழுத வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

நாவலின் கடைசியில் எது நடந்தது, எது என் கற்பனை என்று தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். இதைச் செய்யச் சொல்லி எல்லோரிடமும் வற்புறுத்துவேன். எம்மா மோன்மார்த்ர் கல்லறையில் இருக்கிறார். அவர் வாயில் நான் போட்ட ஒரு வசனத்தை நாளைக்கு யாரோ அவர் சொன்னதாக எடுத்து எழுதிவிடக் கூடாது. அவரைப் பேசவைத்த இடங்களைக் குறைத்ததும் அதனால்தான். விபத்து அத்தியாயத்தில் காயங்களை விவரிக்கவில்லை. தையல் பெண்ணின் கையில் கத்தரிக்கோல் இருக்கிறது, எதை எங்கே வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லச் சொல்ல வெட்டுகிறாள். தான் தைத்த கொக்கிகளை அவளே தேடுகிறாள். அவ்வளவுதான் எழுதினேன்.

இப்போது அதே அரங்கின் எட்டு வருடம் கழிந்த கதையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜுசெப்பினா பொட்சாக்கி என்ற இத்தாலியப் பெண் பதினாறு வயதில், 1870 மே 25 அன்று, ஒரு புதிய பாலேயின் கதாநாயகியாக மேடை ஏறி பாரிஸையே கவர்ந்தார். ஜூலையில் ஜெர்மன் நாடான பிரஷ்யாவோடு போர் வந்தது. ஓபரா மூடப்பட்டது, நகரம் முற்றுகைக்குள் போனது. நவம்பர் 23 அன்று, தன் பதினேழாவது பிறந்தநாளில், பெரியம்மை கண்டு இறந்தார். இந்த முறை தீ இல்லை, துணியும் இல்லை. நாளுக்கு நாள் குறையும் ரொட்டி, விறகு, வராத சம்பளம் இவைதான் கடிகாரம். முற்றுகைக் காலத்துச் சந்தை விலைகளைச் செய்தித்தாள்களிலிருந்து ஒவ்வொன்றாக எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் வரை வந்திருக்கிறேன். குதிரை இறைச்சியின் விலை ஏறத் தொடங்கிவிட்டது.